கற்ற கல்வியை எடையிடுவோர் யார்?

(தமிழுணர்வாளர் கூடிய அவையொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து செல்லும் ஒருவன் தன்னோடு கொண்டு செல்லக்கூடிய உடைமைகளுள் தலையாயது அவன் கற்ற கல்வியே என்று தமிழர் வழிவழியாக நம்பி வந்துள்ளனர். நிலத்தைச் சுருட்டி மடியில் கட்டிக்கொள்ள முடியாது. வீட்டைத் தோளில் தூக்கிச் செல்ல முடியாது. பொன்னும் பணமும் வழியிலேயே பறிபோகும். கல்வியை மட்டும் எவனும் பறிக்க முடியாது என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தனர். வயலை விற்றும் கழுத்தணியை விற்றும் படிக்க வைத்தனர். அந்த நம்பிக்கையில் இன்று ஓர் ஓட்டை விழுந்துள்ளது. கல்வியைப் பறிக்க முடியாதுதான்; ஆனால் அக்கல்விக்குரிய மதிப்பைப் பறித்துவிட முடியும்! மூளைக்குள் இருக்கும் மருத்துவ அறிவு அப்படியே இருக்க, அவ்வறிவை உடையவனை மருத்துவன் அல்லன் என்று அறிவித்துவிட முடியும். அந்த அறிவிப்பைச் செய்யும் உரிமை யாருக்கு உண்டு, அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பவை எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள்.

இதற்குத் தொலைவில் சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. ஈழத்தமிழர் பெருந்தொகையினராகச் சென்று வாழும் கனடா நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அந்நாடு ஒரு காலத்தில் வெள்ளை நிறத்தாரையே விரும்பி அழைத்துக்கொண்டிருந்த நாடு. 1962-ஆம் ஆண்டில் நிறத்தையும் இனத்தையும் பார்த்துக் கதவைத் திறக்கும் விதிகளைப் பெரும்பாலும் நீக்கியது. 1967-ஆம் ஆண்டில் புள்ளிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. வர விரும்புவோரின் கல்விக்கு இத்தனை புள்ளி, தொழில்திறத்திற்கு இத்தனை, அகவைக்கு இத்தனை, ஆங்கிலமோ பிரெஞ்சோ அறிந்திருப்பதற்கு இத்தனை என்று எண்ணிக் கூட்டிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. பார்வைக்கு அது நேர்மையான முறையே. பட்டம் பெற்றவனுக்கு மிகுந்த புள்ளி. மிகுந்த புள்ளி பெற்றவனுக்குக் கதவு திறக்கும்.

ஆனால் உள்ளே நுழைந்தபின் என்ன நடக்கின்றது? அங்கே இன்னொரு கதவு இருக்கின்றது. அக்கதவுக்குக் காவலர் வேறு! கனடா அரசமைப்பின்படி குடிவரவில் நடுவணரசின் கையே ஓங்கியது; தொழில்களை ஒழுங்கு செய்யும் உரிமையோ மாநிலங்களுடையது. மாநிலங்கள் அவ்வுரிமையைத் தாமும் வைத்துக்கொள்ளாமல், அந்தந்தத் தொழிலாருடைய அவைகளிடமே ஒப்படைத்துவிட்டன. ஆகவே மருத்துவராகலாமா என்பதை மருத்துவர் அவை முடிவு செய்யும். பொறியாளராகலாமா என்பதைப் பொறியாளர் அவை முடிவு செய்யும். மற்றைத் தொழில்களுக்கும் இவ்வாறே. வாயிலில் நின்ற நடுவணரசு எந்தப் பட்டத்தைப் பார்த்து, "வருக! உன்னைப் போன்றவரைத்தான் தேடுகின்றோம்!" என்று அழைத்ததோ, அதே பட்டத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் அவை, "இஃது என்ன தாள்?" என்று கேட்கின்றது. ஓர் அரசு தந்த புள்ளியை இன்னோர் அவை செல்லாக் காசாக்குகின்றது. அழைத்தவனே விருந்தாளியை அறியேன் என்பது எவ்வகை விருந்தோம்பல்?

பொறியாளருக்கு ஒண்டாரியோ மாநிலத்தில் இருந்த விதியைப் பாருங்கள். நான்கு ஆண்டுப் பட்டறிவு வேண்டும். அதில் ஓராண்டேனும் கனடாவிலேயே, அங்கு உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் பெற்றதாக இருத்தல் வேண்டும். அங்கே வேலை கிடைக்க உரிமம் கேட்பார்கள். உரிமம் கிடைக்க அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். பித்துத் தெளிந்தால்தான் திருமணம், திருமணம் ஆனால்தான் பித்துத் தெளியும் என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கிழவிகள் நகையாடிச் சொல்லும் பழமொழியைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தனர், நாகரிகத்தில் முதிர்ந்தவர்கள்! பாலம் கட்டியவன், அணையின் மதகுக்குக் கணக்கிட்டவன், பத்து ஆண்டுகளாக மின்னாக்க நிலையத்தை நடத்தியவன், இத்தகையவரெல்லாம் அந்த ஓராண்டைத் தேடிக் கிடங்குகளில் பெட்டி அடுக்கினர். இரவெல்லாம் வாடகை வண்டி ஓட்டினர். கட்டடங்களுக்குக் காவல் இருந்தனர். எந்த வேலையும் இழிவானதன்று. ஆனால் பத்து ஆண்டுகள் கற்ற ஒருவனைக் கற்காதவனாக்கி வேலை வாங்குவது இழிவானது. அவ்விழிவு வேலை செய்பவனைச் சேராது.

மருத்துவர்களின் நிலை இதனினும் கொடியது. கனடா மருத்துவ அவை நடத்தும் தகுதித் தேர்வை எழுதித் தேறினாலும் உரிமம் கிடைத்துவிடாது. மருத்துவமனையில் தங்கிப் பயிலும் பயிற்சியிடம் ஒன்று கிடைத்தாக வேண்டும். அவ்விடங்களில் பெரும்பகுதி அந்நாட்டிலேயே படித்தவர்க்குரியது. வெளிநாட்டில் கற்றவர்க்கென ஒதுக்கப்படுபவை மிகச்சில. அச்சிலவற்றுக்குப் போட்டியிடுவோரோ மிகப்பலர். ஒண்டாரியோவில் அத்தகைய இடத்தைப் பெறுவோர்க்கு, பயிற்சி முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் அரசு குறிக்கும் பகுதிகளில் பணிபுரிய வேண்டும் என்னும் கட்டும் இடப்பட்டு வந்துள்ளது. அங்கேயே படித்தவர்க்கு அக்கட்டு இல்லை. இதற்கிடையில் ஆண்டுகள் ஓடும். மருத்துவம் பார்க்காத மருத்துவனின் கை மெல்ல மெல்லப் பழக்கத்தை இழக்கும். அப்போது அதே அவை சொல்லும்: "நீ தொழிலைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது, ஆகவே தகுதியில்லை." கையைக் கட்டிப்போட்டவனே, கை வீசி நடக்கத் தெரியாதா என்று கேட்பது போன்றது இது!

2021-ஆம் ஆண்டுக் கனடா மக்கட்கணக்கெடுப்பு இதனை எண்களாகவே காட்டிவிட்டது. வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், பள்ளியிறுதிப் படிப்பே போதுமான வேலைகளில் இருந்தனர். அந்நாட்டிலேயே பட்டம் பெற்றவர்களிடையே காணப்படும் அளவைப்போல் இஃது இருமடங்குக்கும் மேல். வெளிநாட்டில் மருத்துவம் கற்றவர்களுள் மருத்துவராகப் பணியாற்றியவர் பத்துக்கு ஏறத்தாழ நால்வர். அங்கேயே மருத்துவம் கற்றவர்களுள் பத்துக்கு ஒன்பதின்மர். இத்தனைக்கும் அந்நாட்டில் குடும்ப மருத்துவர் கிடைக்காமல் இலக்கக் கணக்கான மக்கள் இருக்கின்றனர். நோயாளி ஒருபுறம் காத்திருக்கின்றான். மருத்துவன் மறுபுறம் காத்திருக்கின்றான். இடையில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு முத்திரையும் இருக்கின்றன. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அந்த மேசை சற்று நகர்ந்தது. ஒண்டாரியோ மருத்துவர் அவை, வெளிநாட்டில் கற்றவர்களும் பிறர் மேற்பார்வையில் பணிபுரிய 30 நாள் உரிமம் ஒன்றை முன்வைத்தது. முப்பதே நாள்! உயிருக்கு இடர் வந்தபோது தெரிந்த தகுதி, இடர் நீங்கியதும் மறைந்துவிடுமோ?

இங்கு ஒரு செய்தியை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். தேர்வே கூடாது, வருவோரையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அறுவைக் கத்தியைப் பிடிப்பவனின் கையை அறிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. பாலத்தின்மீது செல்லும் பேருந்தில் இருப்போர்க்கு அப்பாலத்தைக் கணக்கிட்டவன் யார் என்று கேட்கும் உரிமை உண்டு. போலிப் பட்டங்கள் விற்கப்படும் உலகம் இது; அதையும் மறைத்துப் பேசுவதற்கில்லை. ஆய்ந்து பார்க்கட்டும், ஒருமுறைக்கு இருமுறை தேர்வு வைக்கட்டும். ஆனால் தேர்வில் வென்றவனையும் வெளியில் நிறுத்துவது தேர்வாகாது, அது தடுப்பு. திறத்தை ஆய்வது வேறு. பிறந்த மண்ணை ஆய்வது வேறு. முன்னது பொதுமக்களுக்குக் காப்பு. பின்னது ஏற்கெனவே இருக்கையில் அமர்ந்திருப்போர் தம் இருக்கைக்குப் போட்டுக்கொள்ளும் வேலி.

ஈழத்தமிழருக்கு இந்த எடையிடல் புதியதன்று என்பதே இதில் நெஞ்சை அறுக்கும் பகுதி. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அரசுப்பணியில் இருந்த தமிழன், தான் செய்துவந்த வேலையையே தொடர்வதற்கு வேற்றுமொழித் தேர்வு எழுத வேண்டியவனானான். அடுத்து 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் என்னும் பெயரால் மற்றொரு துலாக்கோல் வந்தது. மருத்துவக் கல்லூரியில் நுழைவதற்குத் தமிழ்வழியில் எழுதிய மாணவன் 400-க்கு 250 மதிப்பெண் பெற வேண்டியிருந்தபோது, சிங்களவழியில் எழுதிய மாணவனுக்கு 229 போதுமானதாயிற்று. ஒரே நாடு, ஒரே கல்லூரி, ஒரே பாடம். மொழி மட்டும் வேறு. அந்த 21 மதிப்பெண் இடைவெளியில்தான் ஒரு தலைமுறை இளைஞரின் வாழ்வு விழுந்து நொறுங்கியது. பின்னர் நிகழ்ந்தவை பலவற்றுக்கும் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! அந்தத் துலாக்கோலையும் வென்று, மற்றவரைவிட மிகுந்த மதிப்பெண் பெற்று உள்ளே சென்று, மருத்துவனாகவோ பொறியாளனாகவோ வெளிவந்த தமிழன் ஒருவன், 1983 ஆடிக் கொடுமைக்குப் பின் உயிர் தப்பிக் கனடாவுக்குச் செல்கின்றான். 1986 ஆகத்துத் திங்களில் நியூபவுண்டுலாந்துக் கடற்புறத்தில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த தமிழர் 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்த செய்தியை உலகம் அறியும். அவ்வாறு சென்றவர்கள் தொராண்டோவில் ஓர் அறையில் பத்துப்பேராகத் தங்கி வேலை தேடினர். அங்கிருந்த துலாக்கோல் இவன் மிகுதியாகப் பெற்ற மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. "எந்தப் பல்கலைக்கழகம்? கேள்விப்பட்டதில்லையே!" என்றது. பிறந்த நாட்டில் தமிழன் என்பதால் மிகுதியாகக் கேட்கப்பட்டது. சென்ற நாட்டில் அந்நியன் என்பதால் மிகுதியாகக் கேட்கப்பட்டது. இருமுறை எடைபோடப்பட்டு இருமுறையும் குறைவென்று எழுதப்பட்ட கல்வி அது.

சான்றிதழே கையில் இல்லாதவர் நிலையை என்னென்பது? குண்டு விழும் இரவில் ஓடுபவன் பிள்ளையைத் தூக்குவானா, பட்டச் சுருளைத் தூக்குவானா? 1995-இல் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழுந்து நடந்ததைப் பலரும் அறிவர். மழையில் நனைந்த மூட்டைகளில் அழிந்த தாள்களுக்குக் கணக்கு உண்டா? மீண்டும் படி எடுத்துத் தருமாறு கேட்டு எழுதுவதற்கும், தப்பி வந்த அதே அரசின் அலுவலகத்திற்கே எழுத வேண்டும்! இந்நிலைக்கும் ஒரு தீர்வு ஏட்டளவில் உண்டு. 1997-இல் இலிசுபன் நகரில் எழுதப்பெற்ற கல்வித்தகுதி ஏற்பு உடன்படிக்கை, ஏதிலியர் தம் சான்றுகளைக் காட்ட இயலாதபோதும் அவர்தம் கல்வியை நேர்மையாகவும் விரைவாகவும் மதிப்பிடுவதற்கு வழிகாண வேண்டும் என்கின்றது. வெளிநாட்டுத் தகுதியை மறுப்பவனே அதற்கும் தன் நாட்டுத் தகுதிக்கும் பெரிய வேறுபாடு உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும் என்றும் சொல்கின்றது. அதாவது, மெய்ப்பிக்கும் சுமையைத் தோள் மாற்றி வைக்கின்றது. கனடா அதனை உறுதியேற்றது 2018-இல்தான். அதற்குள், 1980-களில் இளைஞராய்ச் சென்றவர்க்கு ஓய்வுபெறும் அகவை நெருங்கிவிட்டது.

பட்டத்தை விட்டு, பெயரையே எடையிட்ட கதையும் உண்டு. தொராண்டோப் பகுதியில் பொருளியல் ஆய்வாளர் ஒருவர், ஏறத்தாழ 13,000 வேலை விண்ணப்பங்களை வேண்டுமென்றே உருவாக்கி நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். அவ்வாய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரே படிப்பு, ஒரே பட்டறிவு. ஆனால் ஆங்கிலப் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு நேர்காணல் அழைப்பு, இந்திய, சீன, பாக்கித்தானியப் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது மிகுதி! கனடாவிலேயே படித்துக் கனடாவிலேயே வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தும் பெயர் ஒன்றே கதவைச் சாத்தியது. ஆகவே "உங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தெரியாது" என்று சொல்லும் சொல்லுக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கின்றது. இதைக் கண்டு அஞ்சி, அழகிய தமிழ்ப்பெயரைச் சிதைத்து இரண்டெழுத்தாக்கிக்கொள்வோரும் உளர். வயிற்றுக்காகச் செய்வோரைப் பழித்துப் பயனில்லை. வேலைக்குப் போகாத தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கே பொருளற்ற வேற்றுமொழிப் பெயர்களை இட்டு மகிழ்வோரை அல்லவா முதலில் கேட்க வேண்டும்!

எடையிடும் உரிமை எப்போதும் ஆட்சியோடு ஒட்டியே வருவது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறே சான்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தோன்றியது. வெள்ளையர் ஆட்சியில், வெள்ளையர் வகுத்த பாடத்தை, வெள்ளையர் மொழியிலேயே கற்றுப் பட்டம் பெற்றவர்களின் தகுதியை இலண்டனில் இருந்த பொது மருத்துவ அவை ஏற்று வந்தது. 1930-இல் மகப்பேற்றுப் பயிற்சி போதவில்லை என்று கரணியம் காட்டி இந்தியப் பட்டங்களை ஏற்க அது மறுத்தது. பாடத்திட்டம் அவர்களுடையது, ஆசிரியருள் பலர் அவர்களுடைய படைத்துறை மருத்துவர், குறை மட்டும் மாணவனுடையது! அந்தக் கொந்தளிப்பின் ஊடே 1933-இல் இந்திய மருத்துவ அவைச் சட்டம் பிறந்தது. பின்னர் ஏற்பு மீண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-இல் பிரித்தானியா மக்கள் அனைவர்க்கும் இலவய மருத்துவப் பணித்துறையைத் தொடங்கியபோது, அத்துறைக்கு ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மருத்துவர்கள் சென்று அம்மருத்துவமனைகளைத் தாங்கினர். அப்போது எந்தப் பட்டமும் குறைவாகத் தெரியவில்லை. 1975-இல் மீண்டும் இந்தியப் பட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டுத் தேர்வுமுறை புகுத்தப்பட்டது. தேவை மிகும்போது தாழ்ந்தும் தேவை குறையும்போது உயர்ந்தும் ஆடுகின்ற துலாக்கோல் எதனை எடையிடுகின்றது? கல்வியையா? சந்தையில் ஆளின் விலையையா?

இனி, இதே கனடாவுக்குள் இருக்கும் இன்னொரு காட்சியைத் தமிழ்மக்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கியூபெக் மாநிலம் பிரெஞ்சு பேசும் மக்களின் மண். வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்கு நடுவே ஒரு மொழித்தீவு. அம்மக்கள் 1977-இல் பிரெஞ்சுமொழிப் பட்டயம் ஒன்றைச் சட்டமாக்கினர். அதன்படி, தம் தொழிலைச் செய்வதற்குப் போதுமான பிரெஞ்சு அறிவு இல்லாதவர்க்கு எந்தத் தொழிலவையும் நிலையான உரிமம் தரக்கூடாது. பிரெஞ்சுவழியில் மூன்று ஆண்டுகள் உயர்பள்ளியிலோ அதற்கு மேலோ படித்திருக்க வேண்டும். இல்லையேல் மொழித்தேர்வில் தேற வேண்டும். மருத்துவனாயினும் பொறியாளனாயினும் விதி ஒன்றே. மக்களின் மொழி அறியாதவன் மக்களுக்கு மருத்துவன் ஆக முடியாது என்பது அவர்கள் கண்ட தெளிவு. தமிழ்நாட்டில் ஒரு சொல் தமிழ் அறியாதவரும் மருத்துவராகப் பதிவு செய்துகொள்வதற்குத் தடை ஏதும் இல்லை. வயிற்று வலியைத் தமிழில் சொல்லும் பாட்டி, அந்த மருத்துவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லத் தெரிந்த பேரனைத் துணைக்கு அழைத்துப்போக வேண்டும்.

மொழிவேலி கட்டிய அதே கியூபெக்கு, மொழியுறவுக்குக் கதவும் திறந்தது. 2008 அத்தோபர்த் திங்களில் பிரான்சு நாட்டோடு அது ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டது. ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்பது பற்றிய உடன்பாடு அது. அதனைத் தொடர்ந்து இருபுறத்துத் தொழிலவைகளும் துறைதுறையாக அமர்ந்து பேசி, இன்ன தகுதிக்கு இன்ன தகுதி நிகர், இடைவெளி உண்டாயின் இன்ன பயிற்சியால் அது நிரம்பும் என்று எழுதிக்கொண்டன. கியூபெக்கு தனிநாடு அன்று; ஒரு மாநிலந்தான்! ஆயினும் மற்றொரு நாட்டோடு அமர்ந்து தன் மக்களின் கல்விக்காகக் கையொப்பமிடும் ஆற்றல் அதற்கு இருக்கின்றது. உலகில் கோடிக்கணக்கில் தமிழர் உளர். தமிழ்நாட்டு மருத்துவரின் பட்டத்தையோ யாழ்ப்பாணத்துப் பொறியாளரின் பட்டத்தையோ காட்டி, "இதற்கு இது நிகர்" என்று எழுதிக் கையொப்பமிடத் தமிழருக்கென்று ஒரு கை இல்லை. இந்தியாவின் கையொப்பம் தில்லியில் இருக்கின்றது. இலங்கையின் கையொப்பம் கொழும்பில் இருக்கின்றது. பொறியியற் பட்டங்களை ஒன்றற்கொன்று நிகராக ஏற்கும் வாசிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014-இல் முழு உறுப்பாயிற்று. நன்றே. ஆனால் அதற்கு முன்னர்ப் படித்தவர்க்கும், அதற்குரிய தரச்சான்று பெறாத கல்லூரிகளில் படித்தவர்க்கும் அதனால் ஆவதொன்றும் இல்லை.

தமிழில் மருத்துவம் கற்பித்தால் உலகம் ஏற்காது என்று இங்குச் சிலர் வாய்ப்பாடு போல் சொல்லி வருகின்றனர். அவர்கள் மானிப்பாயை அறியார். சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, அங்கேயே மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1860-களில் அதனைத் தமிழ்வழிக்கே மாற்றினார். அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' 1867-இலும், வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875-இலும் தமிழில் அச்சேறின. நூற்பெயர்களில் வடசொல்லும் ஆங்கிலமும் கலந்திருப்பது உண்மை; அக்காலத்து நடை அது. ஆயினும் அந்நூல்களைக் கற்று வந்தவர்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் நோய் தீர்த்தனர். அவர்கள் தீர்த்த நோய் ஆங்கிலத்தில் தீர்ந்ததா, தமிழில் தீர்ந்ததா? ஆங்கிலத்திலேயே முழுக்க முழுக்கக் கற்ற பட்டத்தையும் இலண்டன் இருமுறை தள்ளியதை மேலே கண்டாயிற்று. ஆங்கிலத்தில் கற்றால் ஏற்பு உறுதி என்பது வெறுங்கனவு. பட்டத்துக்குப் பின்னால் நிற்கும் அரசின் வலிமையே அதன் மதிப்பாகின்றது. அது எழுதப்பட்ட மொழியன்று.

கனடாவில் நிலைமை மாறவே இல்லை என்று சொல்வது நயன்மை ஆகாது. அங்குச் சென்ற மக்கள், தமிழர் உட்பட, வாளா இருக்கவில்லை. 2006-இல் ஒண்டாரியோ, தொழிலவைகளின் உரிம வழங்கல் நேர்மையாகவும் வெளிப்படையாகவும் நடைபெற வேண்டும் என்று சட்டம் இயற்றி, அதனைக் கண்காணிக்க ஓர் ஆணையரையும் அமர்த்தியது. கனடாவில் அத்தகைய சட்டம் அதுவே முதல். 2013-இல் அம்மாநிலத்து மாந்த உரிமை ஆணையம், 'கனடாப் பட்டறிவு' கேட்பதே மேலோட்டத்தில் வேறுபாடு காட்டும் செயல் என்று அறிவித்தது. 2021-இல் வந்த தொழிலாளர் சட்டம், மருத்துவம் சாராத பல தொழில்களில் அவ்வாறு கேட்பதைத் தடை செய்தது. அதன் பயனாகப் பொறியாளர் அவை தன் ஓராண்டு விதியை 2023-இல் கைவிட்டது. 2026 தொடக்கத்திலிருந்து வேலை விளம்பரங்களிலும் அச்சொல்லை எழுதக்கூடாது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களை அத்தடை கட்டுப்படுத்தாது. சட்டத்தில் இருந்து சொல்லை நீக்கியது போல் நேர்காணல் அறையில் இருப்பவனின் நெஞ்சிலிருந்தும் அதனை நீக்குவது எளிதன்று. எனினும் சொல் நீங்கியது ஒரு வெற்றியே.

இவ்வளவும் பேசிவிட்டுத் தாய்த்தமிழ்நாட்டைப் பற்றி வாய்மூடி இருப்பது முறையாகாது. தொராண்டோவின் துலாக்கோலைப் பழிப்பவர்கள் தம் வீட்டுத் துலாக்கோலையும் பார்க்க வேண்டும். 1983 தொடங்கிக் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருள் பல்லாயிரவர் இன்றும் தமிழ்நாட்டில், 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்ட இடங்களில் இருக்கின்றனர். 1987 சூலைக்குப் பின் அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராக இல்லையேல், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாட்டாரைக் கணக்கில் எடுத்தது, ஈழத்தமிழரை எடுக்கவில்லை. அப்பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கின்றனர். தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் பெறுகின்றனர். அப்பட்டத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரையே இருக்கின்றது. வெளிநாட்டுப் பட்டம் என்று சொல்வதற்கும் வழியில்லை! ஆயினும் அரசுப்பணிக் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை.

வழக்கறிஞர் தொழிலைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகனே வழக்கறிஞராகப் பதிவு பெறலாம் என்கின்றது. வேற்று நாட்டவர்க்கு, அவர்தம் நாடு இந்தியர்க்கு அதே உரிமையை அளித்தால் மட்டுமே இடம் உண்டு என்கின்றது. எந்த நாட்டின் குடியுரிமையையும் கையில் கொள்ளாமல் முகாமில் வளர்ந்த இளைஞனுக்கு அந்த விலக்கும் பயன்படாது. சட்டம் முழுவதையும் கற்றவன், வழக்குமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து ஒரு சொல் பேச முடியாது. இதே போன்ற குடியுரிமை விதி கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாநிலத்திலும் இருந்தது. அதனை எதிர்த்து ஆண்ட்ரூசு என்பவர் தொடுத்த வழக்கில், அந்நாட்டின் உச்ச வழக்குமன்றம் 1989-இல், அவ்விதி மக்களின் நிகருரிமைக்கு மாறானது என்று அடித்து நீக்கிவிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கனடியர் அல்லர், பிரித்தானியக் குடிமகன். வேற்றின மக்களின் மண்ணில் வேற்று நாட்டவனுக்குக் கிடைத்த நயன்மை, தமிழ்மண்ணில் பிறந்து தமிழ்மண்ணிலேயே சட்டம் கற்ற தமிழனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டரசு கேட்கத்தக்கவை இரண்டே. முகாம்களில் வாழ்ந்து இங்கேயே தொழிற்கல்வி முடித்த ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலவையில் பதிவு கிடைக்க வேண்டும். அதற்குத் தடையாக நிற்கும் விதிகளை எல்லாம் ஒருங்கே திரட்டி, நீக்குமாறு தில்லியை வற்புறுத்த வேண்டும். அவற்றுள் முதலாவதாக, 24-ஆம் பிரிவில் ஒரு விலக்கைச் சேர்க்குமாறு சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றி அனுப்ப வேண்டும். அத்தீர்மானத்திற்குப் பணச்செலவு இல்லை. அண்டை நாட்டின் இசைவு வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.